ஷிசோஃபில்லம் பூஞ்சையால் வரும் நுரையீரல் ஒவ்வாமை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெஞ்சக நோயாளிகளின் சளி மாதிரிகளில் பூஞ்சை இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. அறிக்கை வாங்க வருபவர்கள் பரிசோதனைக்கூடத்தின் ஜன்னலருகே நின்று கேட்கும் சந்தேகங்களும், பயிற்சி மருத்துவர்கள் தொலைபேசியில் கேட்கும் சந்தேகங்களும் பெரும்பாலும் ஒரே வட்டத்தில்தான் சுற்றுகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே வரிசைப்படுத்தி இங்கே பதில் எழுதியிருக்கிறேன். மருந்தின் அளவுகளைப் பற்றி வரும் இடங்களில், பொதுவாகப் பின்பற்றப்படும் முறையைத்தான் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கு எது, எவ்வளவு என்பதை உங்களைப் பரிசோதித்த மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

1. நுரையீரலில் காளான் முளைத்துவிட்டது என்கிறார்கள். உண்மையா?

காளான் முளைக்கவில்லை. காற்றோடு உள்ளே போன பூஞ்சை வித்துகள் மூச்சுக்குழாயின் கோழையில் ஒட்டிக்கொண்டு, நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் இழைகளாக வளர்கின்றன. அந்த இழைகள் நுரையீரல் திசுவைத் துளைத்துக்கொண்டு போவதில்லை. குழாய்க்குள், கோழைக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. சேதத்தின் பெரும்பகுதியை உண்டாக்குவது பூஞ்சைக்கு எதிராக நம் உடல் காட்டும் மிகையான எதிர்வினைதான். ஒவ்வாமைக்கான ஐ.ஜி.ஈ. என்னும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் ஏறுகிறது. ஈசினோஃபில் என்னும் வெள்ளணுக்கள் மூச்சுக்குழாயில் கூட்டமாக வந்து சேர்ந்து, அங்கேயே சிதைந்து, தம் உட்கருவிலுள்ள மரபுப்பொருளை வெளியே கொட்டுகின்றன. இதனால் கோழை இறுகி, இருமினாலும் வெளியேறாத கட்டியாகிக் குழாயை அடைக்கிறது. அடைப்பும் அழற்சியும் மாதக்கணக்கில் நீடித்தால் குழாயின் சுவர் நிரந்தரமாக விரிந்துவிடும்.

இத்தகைய நோய்கள் அனைத்துக்கும் பொதுவாக ஏ.பி.பி.எம். என்று பெயர். மிகப் பெரும்பாலும் இதற்குக் காரணம் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் என்னும் பூஞ்சை. அப்போது அது ஏ.பி.பி.ஏ. எனப்படும். ஏ.பி.பி.ஏ. நோயை 1952-இல் பிரிட்டனில் முதலில் விவரித்தார்கள். இந்தப் பக்கம் அதைவிட மிக அரிதாகப் பெயர் சொல்லப்படும் ஒரு பூஞ்சையைப் பற்றியது: ஷிசோஃபில்லம் கம்யூன்.

2. இந்தப் பூஞ்சை எங்கிருந்து வந்தது? நம் ஊரில் இருக்கிறதா?

தாராளமாக இருக்கிறது. பட்டுப்போன கிளை, வெட்டிப் போட்ட கட்டை, அடுக்கி வைத்த விறகு ஆகியவற்றில் மழைக்குப் பிறகு விரலகலத்தில், விசிறி வடிவில், காம்பு அதிகமில்லாமல், மேற்புறம் வெண்சாம்பல் நிற மென்மயிருடன் வரிசையாக ஒட்டியிருக்கும் சிறு காளான்களைப் பார்த்திருப்பீர்கள். அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்தால், அதன் மடிப்புகள் ஒவ்வொன்றும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்திருப்பது தெரியும். வெயிலில் அவை சுருண்டு மூடிக்கொள்ளும். ஈரம் பட்டதும் மீண்டும் விரிந்து வித்துகளைக் காற்றில் விடும். அண்டார்டிகாவைத் தவிர எல்லாக் கண்டங்களிலும் இது உண்டு. ஆகவே பூஞ்சை அரிதானது அன்று. அது ஒருவருடைய நுரையீரல் நோய்க்குக் காரணம் என்று அடையாளம் காணப்படுவதுதான் அரிது.

இந்தப் பூஞ்சையால் வந்த ஏ.பி.பி.எம். நோயை 1994-இல் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் பதிவு செய்தார்கள். அதன்பின் வந்த பதிவுகளிலும் ஜப்பானே முன்னிற்கிறது. இந்தியாவில், டெல்லியிலுள்ள வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தினர் 2013-இல் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள், ஒருவருக்கு ஏ.பி.பி.எம்., மற்றவருக்கு நுரையீரல் குழிக்குள் பூஞ்சைப் பந்து. ஆஸ்பர்ஜில்லஸ் அல்லாத பூஞ்சைகளால் ஏ.பி.பி.எம். வந்தவர்களை உலக அளவில் தொகுத்த 2014-ஆம் ஆண்டுக் கட்டுரையில் இருந்தவர்கள் மொத்தம் 143 பேர். அவர்களில் சுமார் 11 சதவீதத்தினருக்கு ஷிசோஃபில்லம் காரணம். ஜப்பானியர்களின் நுரையீரல் நம்முடையதிலிருந்து வேறுபட்டது என்பதால் அங்கே எண்ணிக்கை கூடவில்லை, அவர்கள் தேடுகிறார்கள் என்பதால் கூடியது என்பது என் கருத்து. ஏன் அப்படி நினைக்கிறேன் என்பதை 9-ஆம் பதிலில் காணலாம்.

3. கொரோனா காலத்தில் வந்த கருப்புப் பூஞ்சை இதுதானா? வீட்டில் மற்றவர்களுக்குத் தொற்றுமா?

இல்லை, இரண்டுக்கும் இல்லை. 2021-இல் கொரோனாவுக்குப் பிறகு பரவலாகப் பேசப்பட்ட மியூகர்மைகோசிஸ், கட்டுக்கடங்காத சர்க்கரை நோயும் குன்றிய எதிர்ப்புச் சக்தியும் உள்ளவர்களின் திசுக்களை அழித்துக்கொண்டு சில நாட்களில் பரவும் நோய். இங்கே நடப்பது அதற்கு நேரெதிர்: எதிர்ப்புச் சக்தி ஒரு குறிப்பிட்ட திசையில் அளவுக்கு மீறிச் செயல்படுகிறது. இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. தட்டு, தம்ளர், படுக்கை எதையும் பிரிக்க வேண்டியதில்லை.

4. எனக்கு வீசிங்கே கிடையாது. ஆஸ்துமா இல்லாதவருக்கு இந்த நோய் எப்படி வரும்?

ஏ.பி.பி.ஏ. பெரும்பாலும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கும், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் பரம்பரை நோய் உள்ளவர்களுக்கும் வருகிறது. அதனால் ‘ஆஸ்துமா இல்லை, எனவே இந்த நோய் இல்லை’ என்ற முடிவுக்குப் பலர் வந்துவிடுகிறார்கள். மற்ற பூஞ்சைகளின் கதை வேறு. 2-ஆம் பதிலில் சொன்ன 143 பேரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு மட்டுமே ஆஸ்துமா இருந்தது. ஷிசோஃபில்லம் நோயாளிகளிலும் நாள்பட்ட வறட்டு இருமல், அவ்வப்போது பழுப்பு நிறத்தில் கெட்டியான கோழைத் துண்டு வெளியேறுதல், எக்ஸ்ரேயில் வந்து வந்து மறையும் நிழல் ஆகியவை மட்டுமே இருந்தவர்கள் உண்டு. ஜப்பானியப் பதிவுகளில் நடுவயதைத் தாண்டிய பெண்கள் கணிசமாக இருக்கிறார்கள்.

சிலருக்கு மூக்கடைப்பும் சைனஸ் தொல்லையும் சேர்ந்தே இருக்கும். அதே பூஞ்சை, அதே வகைக் கோழையைச் சைனஸ் அறைகளிலும் உண்டாக்கக்கூடும் என்பதால், காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் எடுத்த பழைய ஸ்கேன் இருந்தால் அதையும் கொண்டுவந்து காட்டுங்கள்.

5. எல்லோரும்தான் அந்தக் காற்றைச் சுவாசிக்கிறோம். எனக்கு மட்டும் ஏன்?

உள்ளே போகும் வித்துகளைப் பெரும்பாலோரின் மூச்சுக்குழாய் கோழையோடு மேலே தள்ளி வெளியேற்றிவிடுகிறது. மிச்சத்தை வெள்ளணுக்கள் விழுங்கிவிடுகின்றன. ஒவ்வாமைக்குச் சாய்வுள்ள உடலமைப்பு, கோழை தேங்கும் குழாய், வித்துகள் நிறைந்த சூழல் ஆகியவை ஒருவரிடம் ஒன்றுகூடும்போது நோய் தொடங்குகிறது. இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை.

6. டி.பி. என்று சொல்லி ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். குணமாகவில்லை. இப்போது பூஞ்சை என்கிறார்கள். எதை நம்புவது?

மேல் நுரையீரலில் நிழல், மாலையில் லேசான காய்ச்சல், எடைக் குறைவு, எப்போதாவது சளியில் இரத்தம் என்னும் நான்கும் இரண்டு நோய்களிலும் இருக்கலாம். காசநோய் மிகுந்த நாட்டில் மருத்துவர் முதலில் அதை நினைப்பது நியாயமானதே, ஏ.பி.பி.ஏ. நோயாளிகள் பலர் முதலில் காசநோய்க்கு மருந்து சாப்பிட்டுவிட்டு வருவது இந்தியாவில் பழகிப்போன செய்தி. நியாயமில்லாதது என்னவென்றால், சளியில் கிருமி தெரியாமல், காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சி.பி.நாட் சோதனையிலும் எதுவும் கிடைக்காமல், மருந்துக்கும் அசையாமல் நிழல் இடம் மாறிக்கொண்டே இருக்கும்போதும் அதே முடிவில் நிற்பதுதான். அந்த நிலையில் இரத்தத்தில் ஈசினோஃபில் எண்ணிக்கையையும் மொத்த ஐ.ஜி.ஈ. அளவையும் பார்ப்பது சிறிய செலவில் முடியும் காரியம்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். இரண்டு நோய்களும் ஒருவருக்கே இருக்க முடியும். காசநோய் விட்டுச்சென்ற சேதத்தில் பூஞ்சை குடியேறவும் முடியும். ஆகவே காசநோய் மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. அந்த மாத்திரைகளில் உள்ள ரிஃபாம்பிசின், பூஞ்சை மருந்தான இட்ராகோனசோலை உடலில் மிக வேகமாகச் சிதைத்துப் பயனற்றதாக்கிவிடும் என்பதால், எதை முதலில் முடிப்பது என்பதை மருத்துவர் திட்டமிட வேண்டியிருக்கும்.

7. என்னென்ன பரிசோதனை செய்வார்கள்?

இரத்தத்தில் ஈசினோஃபில் எண்ணிக்கை, மொத்த ஐ.ஜி.ஈ., குறிப்பிட்ட பூஞ்சைக்கு எதிரான ஐ.ஜி.ஈ. மற்றும் ஐ.ஜி.ஜி. (இன்னொரு வகை எதிர்ப்பொருள்), நெஞ்சின் சி.டி. ஸ்கேன், சளியில் பூஞ்சை வளர்ப்புச் சோதனை (கல்ச்சர்), தேவைப்பட்டால் பிராங்கோஸ்கோபி (மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய குழாய்க் கருவியை விட்டுப் பார்ப்பது). ஏ.பி.பி.எம். நோய்க்கென ஜப்பானியர்கள் 2021-இல் வெளியிட்ட அளவுகோலில் பத்து அம்சங்கள் உள்ளன. ஆறு பொருந்தினால் நோய் உண்டு எனக் கொள்ளலாம். ஈசினோஃபில் ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 500-க்குக் குறையாமல் இருப்பது, மொத்த ஐ.ஜி.ஈ. ஒரு மில்லிலிட்டருக்கு 417 அலகுக்குக் குறையாமல் இருப்பது, பூஞ்சைக்கு எதிரான ஐ.ஜி.ஈ. இருப்பது, வளர்ப்புச் சோதனையில் பூஞ்சை வருவது, கோழைக்கட்டிக்குள் பூஞ்சை இழை தெரிவது, மையப் பகுதி மூச்சுக்குழாய்கள் விரிந்திருப்பது ஆகியவை அவற்றுள் அடங்கும். ஆஸ்துமாவும் அந்தப் பத்தில் ஒன்றுதான், கட்டாயம் அன்று என்பதைக் கவனியுங்கள். ஷிசோஃபில்லம் நோயாளிகளைத் தவறவிடாமல் இருக்க அந்த நெகிழ்வு உதவுகிறது.

இந்தியாவில் பெரும்பாலும் பின்பற்றப்படுவது ஐ.எஸ்.ஹெச்.ஏ.எம். என்ற சர்வதேசப் பூஞ்சையியல் சங்கத்தின் அளவுகோல். அதன் 2024 திருத்தத்தில் மொத்த ஐ.ஜி.ஈ.யின் எல்லை 1000-இலிருந்து 500 அலகாகக் குறைக்கப்பட்டது. பழைய அறிக்கையில் ‘1000 இல்லை, எனவே நோய் இல்லை’ என்று எழுதியிருந்தால், அதை இன்றைய அளவுகோலின்படி மறுபடி பார்க்கச் சொல்லலாம்.

8. ஆஸ்பர்ஜில்லஸ் சோதனை நெகட்டிவ். அப்படியானால் பூஞ்சை ஒவ்வாமை இல்லை என்று முடிவு செய்துவிடலாமா?

முடியாது. பரிசோதனைக்கூடங்களில் எளிதில் கிடைப்பது ஆஸ்பர்ஜில்லஸுக்கான சோதனை மட்டுமே. அது நெகட்டிவ் என்றால் ஆஸ்பர்ஜில்லஸ் இல்லை என்றுதான் பொருள். ஷிசோஃபில்லத்துக்கு எதிரான ஐ.ஜி.ஈ.யை அளக்கும் முறையை ஜப்பானிய ஆய்வுக்கூடங்கள் உருவாக்கியிருக்கின்றன. அந்தப் பூஞ்சையின் முக்கிய ஒவ்வாமைப் புரதம் ஒன்றையும் 2014-இல் அடையாளம் கண்டார்கள். ஆனால் நம் ஊர்ப் பரிசோதனைக்கூடப் பட்டியலில் அது இருக்காது.

இதன் மறுபக்கமும் உண்டு. பூஞ்சைகளின் புரதங்கள் சில ஒன்றையொன்று ஒத்திருப்பதால், ஷிசோஃபில்லம் நோயாளிக்கு ஆஸ்பர்ஜில்லஸ் ஐ.ஜி.ஈ. சற்றே பாசிட்டிவ் என்று வரலாம். அப்போது ஆஸ்பர்ஜில்லஸுக்கே உரிய ‘ஆஸ்ப் எஃப் 1’ என்னும் தனிப் புரதத்துக்கு எதிரான ஐ.ஜி.ஈ.யைப் பார்த்தால் வேறுபாடு புலப்படும்: உண்மையான ஏ.பி.பி.ஏ. நோயில் அது பெரும்பாலும் உயர்ந்திருக்கும், மற்ற பூஞ்சைகளில் உயர்வதில்லை. மொத்த ஐ.ஜி.ஈ.யும் ஈசினோஃபிலும் ஏறியிருக்க, சி.டி.யும் பொருந்த, ஆஸ்பர்ஜில்லஸ் மட்டும் பொருந்தாதபோது, விடை வளர்ப்புச் சோதனையில்தான் கிடைக்க வேண்டும்.

9. கல்ச்சர் ரிப்போர்ட்டில் ‘வெள்ளைப் பூஞ்சை, இனம் அறிய இயலவில்லை, கலப்படமாக இருக்கலாம்’ என்று எழுதியிருக்கிறது. இதற்கு என்ன பொருள்?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதத் தொடங்கினேன் என்று சொல்லலாம். பூஞ்சையின் இனத்தை நாங்கள் வழக்கமாக அதன் நிறத்தையும், வித்துகள் உருவாகும் விதத்தையும் வைத்தே சொல்கிறோம். ஆஸ்பர்ஜில்லஸ் என்றால் பச்சையோ கருப்போ மஞ்சளோ பூத்து, நுண்ணோக்கியில் தனக்குரிய வடிவத்தைக் காட்டிவிடும். ஷிசோஃபில்லம் அப்படிக் காட்டிக்கொடுப்பதில்லை. ஒரு வாரத்துக்குள் வெள்ளையாகப் பஞ்சுபோலத் தட்டு முழுவதும் படரும், வித்துகளே இருக்காது. வித்தில்லாத வெள்ளைப் பூஞ்சை என்றால் காற்றிலிருந்து விழுந்த கலப்படம் என்று எழுதித் தட்டை அப்புறப்படுத்துவது பரிசோதனைக்கூடங்களில் ஊறிப்போன வழக்கம். இந்த நோய் அரிதாக இருப்பதற்கு அந்த வழக்கமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

இதன் பின்னணியில் சுவையான உயிரியல் ஒன்று இருக்கிறது. இந்தப் பூஞ்சையில் ஆண், பெண் என்ற இரண்டு பிரிவுகள் இல்லை. ஒன்றோடொன்று கூடவல்ல இணைவகைகள் 20,000-க்கும் மேல் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரே ஒரு வித்து முளைத்து வந்த இழையில், இணை சேர்ந்த இழைக்குரிய அடையாளமான பக்கவாட்டுக் கொக்கிகள் இருப்பதில்லை. நோயாளியின் சளியிலிருந்து அப்படிப்பட்ட தனி இழை வந்தால், நுண்ணோக்கியில் பிடித்துக்கொள்ள எதுவுமே இருக்காது. இழையின் பக்கங்களில் சிறு முள் போன்ற நீட்சிகளைச் சில வேளைகளில் காணலாம். அது ஒரு துப்பு. இணை சேர்ந்த இழையாக இருந்தால், சில வாரங்கள் வெளிச்சத்தில் வைத்திருக்கும்போது, தட்டிலேயே குட்டிக் காளான் முளைப்பதும் உண்டு. அதன்பின் யாருக்கும் சந்தேகம் வராது.

உறுதியான வழி, பூஞ்சையின் மரபணுவில் ஐ.டி.எஸ். என்னும் பகுதியை வரிசைப்படுத்திப் பார்ப்பது. புரதங்களின் எடையை வைத்துக் கிருமியின் இனத்தைச் சொல்லும் மால்டி-டாஃப் கருவி வைத்திருக்கும் மருத்துவமனைகளில் அதுவும் உதவும், ஆனால் அதன் தரவுத்தொகுப்பில் இந்தப் பூஞ்சை இருக்க வேண்டும். இங்கே வசதி இல்லையென்றால் சண்டிகரில் பி.ஜி.ஐ. நிறுவனத்திலுள்ள நோய்ப்பூஞ்சைகளுக்கான தேசியச் சேமிப்பகம் போன்ற இடங்களுக்கு மாதிரியை அனுப்பலாம். ஆகவே அறிக்கையில் இப்படி எழுதியிருந்தால், உங்கள் மருத்துவர் மூலம் இரண்டு செய்திகளைப் பரிசோதனைக்கூடத்துக்குச் சொல்லச் சொல்லுங்கள்: ஈசினோஃபிலும் ஐ.ஜி.ஈ.யும் ஏறியுள்ள நோயாளி இவர். தட்டை எறிய வேண்டாம். புதிய சளி மாதிரியில் அதே பூஞ்சை மறுபடியும் வந்தால், அதைக் கலப்படம் என்று சொல்வதற்கு இடமே இல்லை.

10. ஐ.ஜி.ஈ. 2000-க்கு மேல் வந்திருக்கிறது. நிச்சயமாகப் பூஞ்சைதானே?

அவசரப்பட வேண்டாம். குடற்புழுக்கள் இருந்தாலும் ஐ.ஜி.ஈ. ஏறும். யானைக்கால் நோய்ப் புழுவால் வரும் வெப்பமண்டல ஈசினோஃபிலியா நம் பகுதிகளில் அறிந்த நோய். அதில் இரவில் கடும் இருமல் இருக்கும், ஈசினோஃபில் 3000-ஐத் தாண்டும், ஐ.ஜி.ஈ.யும் மிக உயரும். டை-ஈத்தைல்-கார்பமசைன் மாத்திரைக்கு அது விரைவில் அடங்கிவிடும். சாதாரண ஆஸ்துமாவிலும் தோல் ஒவ்வாமையிலும் கூட ஐ.ஜி.ஈ. உயர்ந்திருக்கலாம். ஒரே ஓர் எண்ணை வைத்து எவரும் முடிவெடுப்பதில்லை. அதனால்தான் 7-ஆம் பதிலில் சொன்ன அளவுகோல்கள் பல அம்சங்களைச் சேர்த்துப் பார்க்கின்றன.

11. சி.டி. ரிப்போர்ட்டில் கோழை அதிக அடர்த்தியாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். பிராங்கோஸ்கோபி கட்டாயமா?

சாதாரணக் கோழை சி.டி.யில் தசையைவிட மங்கலாகத் தெரியும். இந்த நோயின் கோழையில் நீர் வற்றி, உப்புகளும் உலோகத் துகள்களும் செறிந்திருப்பதால், முதுகெலும்பையொட்டிய தசையைவிட அது வெண்மையாகத் தெரிகிறது. வேறு நோய்களில் இந்தத் தோற்றம் மிக அரிது என்பதால், ரிப்போர்ட்டில் உள்ள அந்த ஒரு வரிக்கு மதிப்பு அதிகம். கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தாமல் எடுத்த படத்தில்தான் இதை நம்பிப் பார்க்க முடியும்.

பிராங்கோஸ்கோபி எல்லோருக்கும் தேவைப்படாது. ஆனால் ஆஸ்பர்ஜில்லஸ் பொருந்தவில்லை, சளியும் வரவில்லை என்ற நிலையில், கோழைக்கட்டியை நேரடியாக எடுத்து நுண்ணோக்கியிலும் வளர்ப்புத் தட்டிலும் பார்ப்பதைவிடச் சிறந்த சான்று இல்லை. அடைப்பால் நுரையீரலின் ஒரு பகுதி சுருங்கிப்போயிருந்தால், கட்டியை எடுப்பதே சிகிச்சையாகவும் அமையும். எடுத்த கட்டி முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் அதில் பூஞ்சை வளராது; ஒரு பகுதியை வெறும் சலைனில் அனுப்ப வேண்டும். சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

12. பூஞ்சை நோய்க்கு ஸ்டீராய்டு கொடுக்கிறார்களே, பூஞ்சை இன்னும் வளர்ந்துவிடாதா?

நியாயமான அச்சம். 1-ஆம் பதிலில் சொன்னதுபோல் சேதம் எதிர்வினையால் வருகிறது. அதை அடக்குவது ஸ்டீராய்டு. வழக்கமான முறையில் பிரெட்னிசோலோன் மாத்திரையை உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.5 மில்லிகிராம் என்ற அளவில் 2 முதல் 4 வாரங்கள் கொடுத்து, பின் படிப்படியாகக் குறைத்து, மொத்தம் 4 மாதங்களில் முடிப்பார்கள். அதற்கு மாற்றாகவோ துணையாகவோ இட்ராகோனசோலை 200 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருமுறை 4 மாதங்கள் கொடுப்பதும் உண்டு. சண்டிகரில் 131 ஏ.பி.பி.ஏ. நோயாளிகளிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு வாரத்தில் ஸ்டீராய்டு பெற்ற அனைவரும், இட்ராகோனசோல் பெற்றவர்களில் 88 சதவீதத்தினரும் குணம் கண்டார்கள். பக்கவிளைவு இட்ராகோனசோலில் குறைவு. சர்க்கரை நோயோ எலும்புத் தேய்வோ உள்ளவருக்கு இட்ராகோனசோலையே முதலில் தேர்ந்தெடுப்பதற்கு இது ஒரு நல்ல காரணம்.

இந்த அளவுகள் அனைத்தும் ஆஸ்பர்ஜில்லஸ் நோயாளிகளிடம் கண்டறியப்பட்டவை. ஷிசோஃபில்லத்துக்குத் தனியாக இப்படி ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுக்கு நோயாளிகள் இல்லாததால், மருத்துவர்கள் அதே முறையைக் கடன் வாங்கிப் பயன்படுத்துகிறார்கள். ஸ்டீராய்டு தொடங்குமுன் காசநோய் இல்லை என்பதையும், குடலில் ஸ்ட்ராங்கிலாய்டஸ் புழு இல்லை என்பதையும் உறுதிசெய்துகொள்வது நம்மைப் போன்ற நாடுகளில் அவசியம். அந்தப் புழு ஸ்டீராய்டின் மறைவில் உடல் முழுவதும் பெருகிவிடக்கூடும்.

13. இட்ராகோனசோல் சாப்பிடுகிறேன். வேறு என்ன மாத்திரைகளோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது?

பட்டியல் நீளமானது, எல்லாமே ஆபத்தும் இல்லை. நான் அடிக்கடி பார்ப்பவற்றை மட்டும் சொல்கிறேன். வழக்கமான கேப்ஸ்யூல் வயிற்றில் அமிலம் இருந்தால்தான் கரையும். ஆகவே உணவோடு சாப்பிட வேண்டும். பான்டோப்ரசோல், ஒமிப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரைகளைச் சேர்த்துச் சாப்பிட்டால் மருந்து இரத்தத்தில் ஏறாது. ஸ்டீராய்டோடு வயிற்றுக்கு ஒரு மாத்திரை எழுதிவிடுவது நம்மிடையே பழக்கமாதலால் இந்தச் சிக்கல் சாதாரணமாக நேர்கிறது. சூபா என்ற புது வடிவ இட்ராகோனசோல் அமிலத்தை அவ்வளவாகச் சார்ந்திருப்பதில்லை. ஆனால் அதன் மில்லிகிராம் கணக்கு வேறு, எனவே மருந்துக்கடையில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வாங்கக் கூடாது.

அடுத்தது இன்ஹேலர். புடெசொனைடு, ஃப்ளூட்டிகசோன் ஆகிய ஸ்டீராய்டுகளை உடல் சிதைத்து வெளியேற்றும் வழியை இட்ராகோனசோல் அடைத்துவிடுகிறது. மாதக்கணக்கில் இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டால், உறிஞ்சும் மருந்து சிறிதளவே என்றாலும், முகம் உருண்டு, எடை ஏறி, உடலின் சொந்த ஸ்டீராய்டுச் சுரப்பு அடங்கிப்போகும். மாத்திரைகளில் மெத்தில்-பிரெட்னிசோலோனுக்கும் இதே சிக்கல் கடுமையாக உண்டு, பிரெட்னிசோலோனுக்குக் குறைவு. பெக்லோமெத்தசோன் இன்ஹேலருக்கு மாறுவது ஒரு வழி. கொலஸ்ட்ராலுக்குச் சிம்வாஸ்டாட்டின் சாப்பிடுபவர்கள் அதைச் சேர்த்துச் சாப்பிடவே கூடாது. அட்டோர்வாஸ்டாட்டின் என்றாலும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இதயம் பலவீனமாக உள்ளவருக்கு இட்ராகோனசோல் பொதுவாகத் தரப்படுவதில்லை; கால் வீங்கினால் உடனே தெரிவியுங்கள். கல்லீரல் சோதனையை இடையிடையே செய்துகொள்ள வேண்டும். கருவுற்றிருந்தாலோ கருவுறத் திட்டமிட்டிருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

14. ஃப்ளூகோனசோல் மலிவாகக் கிடைக்கிறதே, அதைச் சாப்பிட்டால் போதாதா?

போதாது. ஷிசோஃபில்லத்தின் மீது ஃப்ளூகோனசோல் ஆய்வுக்கூடத்திலேயே மிகப் பலவீனமாகத்தான் செயல்படுகிறது. இட்ராகோனசோல் ஒத்துக்கொள்ளாதபோது வோரிகோனசோல் தருவதுண்டு. அதைச் சாப்பிடுபவர்கள் நம் ஊர் வெயிலில் தோலை மூடிக்கொள்ளாமல் போகக் கூடாது.

15. ஊசி ஒன்று வந்திருக்கிறது, அதைப் போட்டால் ஸ்டீராய்டே வேண்டாம் என்கிறார்களே?

ஐ.ஜி.ஈ.யைத் தடுக்கும் ஒமாலிசுமாப், ஈசினோஃபிலைக் குறைக்கும் மெபோலிசுமாப், பென்ராலிசுமாப், இவற்றோடு டூபிலுமாப் ஆகிய ஊசிகள் கடும் ஆஸ்துமாவுக்குத் தரப்படுபவை. ஸ்டீராய்டை நிறுத்த முடியாமல் தவிக்கும் ஏ.பி.பி.எம். நோயாளிகள் சிலருக்கு அவை பலனளித்திருக்கின்றன. கெட்டிக் கோழை கரைந்துபோனதாகவும் பதிவுகள் உண்டு. விலை மிக அதிகம், முதல்வரிச் சிகிச்சையும் அன்று.

16. காளான் சாப்பிடலாமா? விறகு, மரவேலை எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டுமா?

மொட்டுக் காளான், சிப்பிக் காளான் ஆகியவற்றைச் சமைத்துச் சாப்பிடுவதற்கும் இந்த நோய்க்கும் தொடர்பில்லை. இன்னும் வியப்பாக ஒன்று: மணிப்பூரிலும் தாய்லாந்திலும் ஷிசோஃபில்லத்தையே சந்தையில் வாங்கிச் சமைக்கிறார்கள். ஜப்பானில் 1980-களில் இதிலிருந்து பிரித்தெடுத்த ஷிசோஃபில்லான் என்னும் சர்க்கரைப் பொருள் கருப்பைவாய்ப் புற்றுநோயில் கதிர்வீச்சோடு துணைமருந்தாகவும் பயன்பட்டது. மூச்சில் போகும் வித்துதான் இங்கே பிரச்சினை. சிப்பிக் காளான் பண்ணைக்குள் வேலை செய்பவர்களுக்கு அந்தக் காளானின் வித்தால் வரும் நுரையீரல் அழற்சி வேறு நோய், வேறு சிகிச்சை.

நோய் உறுதியானவர்கள் மட்கிய கட்டையை உடைப்பது, பழைய விறகு அடுக்கைக் கலைப்பது, குப்பை மக்குக் குழியைக் கிளறுவது ஆகியவற்றைப் பிறரிடம் விட்டுவிடலாம். செய்தே ஆக வேண்டுமென்றால் என்-95 முகக்கவசம் அணியலாம். வீட்டுச் சுவரில் ஈரக்கசிவு இருந்தால் சரிசெய்யலாம். வித்து வெளிக்காற்றில் எங்கும் இருப்பதால் வீட்டை மாற்றுவதாலோ ஊரை மாற்றுவதாலோ அதிகம் சாதித்துவிட முடியாது. உலர்ந்த மரத்தில் வேலை செய்யும் தச்சர் தொழிலை விட வேண்டும் என்று நான் எவரிடமும் சொல்ல மாட்டேன்.

17. முழுமையாகக் குணமாகுமா?

பெரும்பாலோருக்கு நோய் அடங்கும். எட்டு வாரத்தில் அறிகுறிகள் குறைந்து, எக்ஸ்ரே தெளிந்து, மொத்த ஐ.ஜி.ஈ. குறைந்தது 20 சதவீதம் இறங்கியிருந்தால் சிகிச்சை பலிக்கிறது என்று கொள்வார்கள். கணிசமானோருக்கு மறுபடியும் வருகிறது என்பதால் முதல் ஆண்டில் சில மாதங்களுக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை தேவை. ஏற்கெனவே விரிந்துபோன மூச்சுக்குழாய் பழைய நிலைக்குத் திரும்பாது. அங்கே சளி தேங்காமல் இருக்க மூச்சுப் பயிற்சியைத் தொடர வேண்டும்.

18. சிகிச்சை முடிந்து நன்றாக இருக்கிறேன். ஆனால் ஐ.ஜி.ஈ. இன்னும் 900. மருந்தை மீண்டும் தொடங்கச் சொல்லலாமா?

ஐ.ஜி.ஈ. இயல்பு நிலைக்கு வருவது இந்நோயின் சிகிச்சையில் குறிக்கோளே அன்று. பலருக்கு அது வருவதும் இல்லை. சிகிச்சை முடிந்து நலமாக இருக்கும்போது உள்ள அளவே உங்களுக்கான புதிய அடிப்படை. உங்களுடையது 900 என்றால் அதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அறிகுறிகளோ புதிய நிழலோ தோன்றி, அதோடு அந்த எண் 50 சதவீதத்துக்குக் குறையாமல் உயர்ந்து 1350-ஐத் தொட்டால் நோய் திரும்பியதாகக் கொள்வார்கள். எண் மட்டும் ஏறி மற்றவை அமைதியாக இருந்தால், மருந்து தொடங்காமல் சில வாரங்கள் கழித்து மறுபடி பார்ப்பதே வழக்கம். ஒவ்வொரு முறையும் அதே பரிசோதனைக்கூடத்தில் பார்ப்பது நல்லது. முறைகள் மாறினால் எண்ணும் மாறும்.

19. இருமலுக்காக எடுத்த சளியில் ஷிசோஃபில்லம் என்று உறுதியாகவே வந்துவிட்டது. ஆனால் ஈசினோஃபில், ஐ.ஜி.ஈ., சி.டி. எல்லாம் சரியாக இருக்கின்றன. எனக்கு நோய் இருக்கிறதா, இல்லையா?

ஏ.பி.பி.எம். இல்லை. ஒரே ஒருமுறை வந்திருந்தால் அது வழிப்போக்கனாகச் சுவாசத்தில் வந்த வித்தாக இருக்கலாம். இரண்டு, மூன்று மாதிரிகளில் தொடர்ந்து வந்தால் பூஞ்சை மூச்சுக்குழாயில் தங்கியிருக்கிறது என்று பொருள். அப்போதும் ஒவ்வாமை எதிர்வினை இல்லாதவரை ஸ்டீராய்டுக்கு வேலையில்லை. மரங்களை மட்கச் செய்யும் பூஞ்சைகளுக்கும் நாள்பட்ட இருமலுக்கும் தொடர்பு இருப்பதை ஜப்பானில் கனசாவா நகரத்து மருத்துவர்கள் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கே அதிகம் பேசப்பட்டது பெர்க்காண்டெரா அடஸ்டா என்ற வேறொரு பூஞ்சை. வேறு காரணம் எதுவும் அகப்படாத, வழக்கமான மருந்துக்கு அடங்காத இருமலில், குறைந்த அளவு இட்ராகோனசோலைச் சில வாரங்கள் கொடுத்துப் பார்ப்பது அவர்கள் வழி.

உங்கள் நிலையில், மூன்று மாதம் கழித்து ஈசினோஃபிலையும் ஐ.ஜி.ஈ.யையும் ஒருமுறை திரும்பப் பார்ப்பதும், அதற்குள் பழுப்பு நிறக் கெட்டிக் கோழை வந்தால் அதை மூடிய சுத்தமான டப்பாவில் அன்றைக்கே பரிசோதனைக்கூடத்தில் கொடுப்பதும் போதும். ஞாயிற்றுக்கிழமை என்றால் குளிர்சாதனப் பெட்டியில், உறைய வைக்காமல், மறுநாள் காலை வரை வைத்திருக்கலாம்.